‘உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?’

பிச்சை, குப்பு, குப்பம்மாள், மண்ணாங்கட்டி, மூக்காயி. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இந்தப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு வீட்டில் முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கினார்கள். மூக்குக் குத்தினார்கள். எமன் எட்டிப் பார்த்தால் ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை’ என்று நினைத்துப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று பிள்ளைகளைச் சீண்டுகிற பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அந்தக் கேலிக்கு அடியில் யாரோ ஒரு பாட்டியின் துக்கம் இருக்கிறது.

அந்தப் பாட்டிகளிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: ‘பெத்தது எட்டு, நின்னது அஞ்சு.’ போன மூன்றும் கணக்கில் உண்டு. தெருவில் இருந்த மற்றப் பெண்களும் அதே மாதிரிதான் எண்ணினார்கள்.

1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், கிராமச் சுகாதாரச் செவிலியர், சத்துணவு எல்லாம் சேர்ந்து செய்த காரியம் இது. இதைவிட நல்ல செய்தி ஒரு சமூகத்துக்கு இருக்க முடியாது. ஆனால் இதற்கு யாரும் பேசாத ஒரு பக்கவிளைவு உண்டு. இன்று ஒரு குழந்தை இறந்தால் அந்தத் தெருவிலேயே, சில சமயம் அந்தச் சொந்தபந்தத்திலேயே, அப்படி ஒன்றைப் பார்த்த ஒரே தாய் அவள்தான். அவளிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அந்தப் பேச்சின்மை சாவுக்குப் பிறகு வருவதில்லை. நோயின் பெயரைக் கேட்ட நாளிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு நோயை எடுத்துக்கொள்வோம்: குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய்.

அது பெரும்பாலும் சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால் வலிக்கிறது என்று பிள்ளை தூக்கச் சொல்வது, முகம் வெளுப்பது, காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள். முதலில் தெருமுனை மருத்துவர், அப்புறம் தாலுகா மருத்துவமனை, டெங்குவா டைபாய்டா என்று சோதனைகள். ஒரு ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறும். ‘உடனே மெட்ராஸுக்கோ மதுரைக்கோ போங்க’ என்பார். அன்று இரவு பேருந்தில் அந்தக் குடும்பம் கிளம்பும்போது இரண்டு நாளுக்கான துணிதான் எடுத்துப் போகும். சிகிச்சை இரண்டரை, மூன்று வருடம் நடக்கும் என்பது அங்கே போன பிறகுதான் தெரியவரும்.

முதல் ஒரு மாதமே தீவிரமாக இருக்கும். நரம்பில் மருந்து, முதுகுத் தண்டில் ஊசி, அதோடு தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்டீராய்டு பிள்ளையை வேறு ஆளாக மாற்றிவிடும். முகம் உப்பி, கோபம் ஏறி, நள்ளிரவில் பிரியாணி கேட்கும். வார்டுக்கு வெளியே ராத்திரி ஒரு மணிக்கு ஒரு அப்பா பரோட்டாக் கடை தேடி அலைகிறார் என்றால் அதற்குக் காரணம் பிள்ளைப் பாசம் மட்டுமல்ல, மருந்தும்தான். பிறகு முடி கொட்டும். ‘கவுண்ட்’ என்ற சொல் வீட்டுப் பேச்சில் நுழையும். வெள்ளணு எண்ணிக்கை இறங்கியிருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் அரைமணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அம்மாவின் கைப்பையில் சாவியும் பணமும் இருக்கிறதோ இல்லையோ, தெர்மாமீட்டர் இருக்கும்.

அந்த நாட்களில் கூட்டம் ஆகாது, வெளிச் சாப்பாடு ஆகாது, சளி பிடித்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. உறவினர்களிடம் இதைச் சொன்னால், ‘பாக்கவே வரக் கூடாதாம், அவ்வளவு பெரிய ஆளாயிட்டாங்க’ என்று ஊரில் பேச்சு வரும். தனிமை இப்படியும் ஆரம்பிக்கிறது.

அந்த முதல் மாதக் கடைசியில், ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையை மறுபடி சோதித்து, புற்றணு எதுவும் தெரியவில்லை என்பார்கள். பிள்ளை ஓடியாடத் தொடங்கியிருக்கும். இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். நுண்ணோக்கியில் ஒன்றுகூடத் தெரியாத நிலையிலும் நூறு கோடி வரை ஒளிந்திருக்கலாம். வயலில் கோரையை அரிந்த மாதிரி இது. மேலே நிலம் சுத்தமாக இருக்கும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். மீதி இரண்டு வருடச் சிகிச்சையும் அந்தக் கிழங்கைத் தேடித்தான். இந்த ஒரு விஷயம் சரியாகப் புரியாததால், அல்லது கையில் காசு தீர்ந்ததால், ‘அதான் நல்லாயிட்டானே’ என்று ஊருக்குப் போய் நாட்டு மருந்துக்கு மாறி, ஆறு மாதம் கழித்து நோய் முற்றித் திரும்பி வருகிற பிள்ளைகள் உண்டு. சிகிச்சையைப் பாதியில் விடுவது வசதியில்லாத நாடுகளில் குழந்தைப் புற்றுநோய்ச் சாவுக்கு ஒரு பெரிய காரணம். அந்தப் பெற்றோரை அறியாதவர்கள் என்று திட்டுவது சுலபம். கோரைக் கிழங்கு பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது. 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போன உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இளம் வயதில் அவருடைய சகோதரர்கள் இருவர் சங்கிரகணி போன்ற ஒரு வயிற்றுப்போக்கு நோயில் இறந்தார்கள். அந்த நோயோடு தொடர்புள்ள போலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பிற்காலத்தில் அவருடைய குழு ஆய்வகத்தில் தயாரித்தது. பாஸ்டனில் குழந்தைகளுக்குச் சிகிச்சை தேடிக்கொண்டிருந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர், போலிக் அமில வகை மருந்து கொடுத்தால் ரத்தப் புற்றுநோய் வேகமாகிறது என்று கவனித்தார். அப்படியானால் அதைத் தடுக்கும் மருந்து வேண்டும். சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து அமினாப்டெரின் வந்தது. 1948-ல் வெளியான ஃபார்பரின் கட்டுரையில் 16 குழந்தைகள், அவர்களில் 10 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. எல்லாமே தற்காலிகம், சில மாதங்கள்தான். ஆனாலும் அதுவரை அப்படி ஒன்று நடந்ததே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் சின்ன மஞ்சள் மாத்திரை. வாரம் ஒருமுறை மட்டும்தான், தவறித் தினமும் கொடுத்தால் ஆபத்து. அதனால் வீட்டுக் காலண்டரில் ஒரு கிழமை முழுக்க வட்டம் போட்டிருக்கும்.

அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் கதையிலும் இப்படி ஒரு சாவு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனைதான் 1954-ல் அந்த மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தது. 1960-ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு அங்கே வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கியது அதுதான்.

1960-களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றில் நான்கைந்து பேர் பிழைத்தால் பெரிது. இன்று பணக்கார நாடுகளில் நூற்றில் தொண்ணூறை நெருங்குகிறது. நம் ஊரில் நல்ல மையத்துக்கு நேரத்தோடு வந்து, சிகிச்சையை முழுசாக முடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘கேன்சரா, அப்ப அவ்வளவுதான்’ என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் உறவினர், தெரியாமலே சிகிச்சைக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறார்.

வீட்டுக்கு வருவோம். நோய் வந்த மறுவாரமே குடும்பம் இரண்டாக உடைகிறது. அம்மாவும் நோயுற்ற பிள்ளையும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில். அப்பா ஊரில், வேலையை விட்டால் வாடகைக்கு வழியில்லை. மற்றப் பிள்ளைகள் ஆச்சி வீட்டில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தாங்குகிறது. புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. இவை இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய விஷயம்தான். ஆனால் அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, போன சம்பளம் எதுவும் காப்பீட்டில் வராது. நகை அடகுக்குப் போகும். அப்புறம் வட்டி. ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்க ஆள் வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் முகம் தெரியாதவர்களிடம் கெஞ்ச வேண்டும். வினோதம் என்னவென்றால் அந்த முகம் தெரியாத கல்லூரிப் பையன்கள் வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு பாரம் பழி. ‘மாசமா இருக்கப்ப என்ன சாப்பிட்டா?’, ‘கிரகணத்தப்ப வெளிய வந்தியா?’, ‘ஜாதகம் பாத்துதான் பேர் வெச்சீங்களா?’ எல்லாக் கேள்வியும் அம்மாவை நோக்கித்தான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று மருத்துவர்களாலேயே சொல்ல முடியாது. பெற்றோர் செய்த எதனாலும் வந்ததில்லை, தொற்றுவதும் இல்லை. இதை மருத்துவர் அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

ஆச்சி வீட்டில் விடப்பட்ட பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அக்காவுக்கோ தம்பிக்கோ என்ன ஆயிற்று என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ரத்தம் கம்மியா இருக்கு, ஏத்துறாங்க.’ அவ்வளவுதான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் கோபத்துக்கே சக்தி இருப்பதாக ஒரு நினைப்பு இருக்கும். ‘நான்தான் அவனைச் செத்துப்போன்னு திட்டினேன்’ என்பதை வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் சுமந்த பிள்ளைகள் உண்டு. கேட்டால்தான் சொல்லும், நாம் கேட்பதில்லை. பள்ளியில் மதிப்பெண் குறைந்தால், ‘வீட்டுல இவ்வளவு நடக்குது, நீயுமா?’ என்று ஒரு வசவு வேறு.

சில நேரம் அந்தப் பிள்ளைதான் மருந்து. நோய் திரும்பினால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1980-களிலேயே இது தொடங்கிவிட்டது. கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்திவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டில் திடீரென்று முக்கிய ஆளாகிவிடும். அண்ணனைக் காப்பாற்றப் போகிறவள். சிகிச்சை பலித்தால் சரி. பலிக்காமல் போனால்? ‘என் ரத்தம் சரியில்லையோ’ என்று அவள் நினைப்பாள். இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்கும் முன்பே, ‘நீ கொடுத்தது நல்ல மஜ்ஜைதான், நோய்தான் முரடு’ என்று யாராவது சொல்லிவிட வேண்டும். இதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை, ஒரு சித்தப்பா போதும்.

சரி, நோயுற்ற பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லாப் பெற்றோரும் நம்புகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய் வார்டில் பிள்ளைகளோடு பல மாதங்கள் இருந்தார். மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள். யாரும் அவர்களிடம் நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருந்தின் பெயர், எந்த மருந்து எப்போது நிறுத்தப்படும், பக்கத்துக் கட்டில் ஏன் காலியானது, அடுத்தது யார். பெரியவர்கள் தாழ்வாரத்தில் கிசுகிசுத்ததையும், அம்மா முகம் கழுவிவிட்டு வந்ததையும், பரிசுப் பொருள்கள் திடீரென்று அதிகமானதையும் வைத்து அவர்களாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். பெற்றோர் முன்னால் தெரியாத மாதிரி இருந்தார்கள். பேசினால் அம்மா அழுவாள், அழுதால் எழுந்து வெளியே போய்விடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையைக் காப்பாற்ற அம்மா நடிக்கிறாள், அம்மாவைக் காப்பாற்றப் பிள்ளை நடிக்கிறது.

இந்த நடிப்புக்கு என்ன விலை என்று சுவீடனில் ஒரு ஆய்வு கேட்டது. புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் சில வருடங்கள் கழித்து, ‘சாவைப் பற்றி உங்கள் பிள்ளையிடம் பேசினீர்களா?’ என்றார்கள். 2004-ல் முடிவு வெளியானது. 429 பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட ‘பேசியிருக்க வேண்டாம்’ என்று சொல்லவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதம் பேர் பேசாமல் விட்டதற்காக வருந்தினார்கள். தனக்குத் தெரியும் என்று பிள்ளை உணர்த்தியும் பேசாமல் இருந்த பெற்றோருக்கு அந்த வருத்தம் இன்னும் அதிகம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நாளைக்கே எல்லாப் பிள்ளைகளிடமும் உடைத்துப் பேசுங்கள் என்று சொல்ல மாட்டேன். பேசாதவர்களில் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பேச முடிந்த பெற்றோர், பேச வாய்ப்புத் தந்த பிள்ளைகளைப் பெற்றவர்களாகவும் இருந்திருக்கலாம். சுவீடன் வேறு, சேலம் வேறு. ஆனால் பிள்ளை கேட்கும்போது பொய் சொல்லாமல் இருப்பது எந்த ஊருக்கும் பொருந்தும். ‘நான் செத்துடுவேனாம்மா?’ என்று கேட்டால், ‘ச்சீ, வாய மூடு’ என்பதற்குப் பதிலாக, ‘ஏன்டா அப்படித் தோணுது?’ என்று கேட்டால் போதும். மீதியை அவனே சொல்வான். பல நேரம் அவன் கேட்க நினைத்தது சாவைப் பற்றியே இருக்காது. ‘நான் இல்லாதப்ப நாய்க்குட்டிக்கு யாரு சோறு போடுவா?’ என்பதாக இருக்கும்.

சிகிச்சை பலிக்காது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. கடைசி நாட்கள் எங்கே? தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் குழாய்களுக்கு நடுவே பிள்ளை, கண்ணாடிக்கு வெளியே அம்மா. வீடு என்றால் வலிக்கு என்ன செய்வது என்ற பயம். வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அது விலை உயர்ந்த மருந்தும் அல்ல. ஆனால் 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே தயங்கின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் தயக்கம் முழுக்கப் போகவில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறையைக் கேரளம் முழுக்கப் பரப்பியது. இங்கே அது அந்த அளவுக்குப் பரவவில்லை. ‘மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடும்’ என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள். சரியான அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது. வலி குறைந்த பிள்ளை கொஞ்சம் விளையாடும், கார்ட்டூன் பார்க்கும், தூங்கும். அந்த ஒரு வாரத்தைத்தான் பெற்றோர் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப நினைப்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் அது நடந்துவிடும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நம் பக்கம் பல சாதிகளில் சடங்கு கம்மி. எரிப்பதில்லை, புதைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் பெரும்பாலும் கிடையாது. ‘சின்னப் புள்ளைக்கு என்ன காரியம்’ என்று பெரியவர்கள் எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள். அப்பாவும் மாமாவும் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லாத ஊர்களில், தன் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்றே அம்மாவுக்குத் தெரியாது. பிள்ளைகள் அடிக்கடி செத்த காலத்தில் அந்தச் சுருக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். மாதத்துக்கு ஒரு பதினாறாம் நாள் என்றால் யாரால் தாங்க முடியும்? இன்று இரண்டே பிள்ளை பெற்று, அதில் ஒன்றை மூன்று வருடம் மடியில் வைத்துக் காத்தவளுக்கு அந்தச் சுருக்கம் ஒரு அடி மாதிரி விழுகிறது.

ஒப்பாரிக்கு ஒரு வேலை இருந்தது. சாமியை, புருஷனை, வைத்தியனை, செத்த பிள்ளையையேகூட அதில் திட்டலாம். யாரும் பதில் பேசக் கூடாது. அழுகிறவளின் தோளில் கை போட்டு இன்னும் நாலு பேர் அழுவார்கள். இப்போது ‘சத்தம் போட்டு அழாதம்மா, பிபி ஏறிடும்’ என்கிறோம். மூன்றாம் நாள், ‘வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்க’ என்கிறோம். ஆறுதல் என்று நினைத்துச் சொல்வதுதான். ஆனால் உடைந்த தட்டுக்கு வேறு தட்டு வாங்குவது மாதிரி அவள் காதில் விழும்.

மற்றப் பிள்ளைக்குச் சொல்லும் பொய்கள் இன்னொரு வகை. ‘தம்பி தூங்கிட்டான்’ என்றால் அது இரவில் தூங்கப் பயப்படும். ‘சாமி கூப்பிட்டுக்கிட்டாரு’ என்றால் கோயிலுக்கு வர மறுக்கும். ‘ஊருக்குப் போயிருக்கான்’ என்றால் ஒவ்வொரு பேருந்தையும் பார்க்கும். செத்துவிட்டான், இனி வர மாட்டான், அவனுக்கு இப்போது வலி இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கொடுமையாகத் தோன்றும். பொய்யைத் தானாகக் கண்டுபிடிப்பது அதைவிடக் கொடுமை.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு எனத் துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். 1969-ல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்தப் படிகளை எழுதியபோது அவர் பேசியது சாகப்போகிற நோயாளிகளிடம், பிள்ளையை இழந்தவர்களிடம் அல்ல. அந்தப் படிகளில் ஏறி ஒருநாள் மாடியை அடைந்துவிடலாம் என்று நினைத்து, ‘எனக்கு ஏன் இன்னும் ஆறவில்லை’ என்று தன்னையே குற்றம் சொல்லும் தாய்மார்கள் பாவம். இதைவிட உதவியானது 1999-ல் நெதர்லாந்தின் உளவியல் ஆய்வாளர்கள் ஸ்ட்ரோப், ஷூட் ஆகியோர் சொன்னது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறார்: கொஞ்ச நேரம் இழப்புக்குள், கொஞ்ச நேரம் அன்றாட வேலைக்குள். இரண்டும் வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய சண்டை புரியும். அப்பா பத்தாம் நாளே ஆட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கடன்காரன் காத்திருக்கிறான் என்பது ஒரு காரணம். வீட்டில் உட்கார முடியவில்லை என்பது இன்னொன்று. அம்மா அந்தச் சின்னச் சட்டைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ‘உனக்குக் கல்லு மனசு’ என்கிறாள் இவள். ‘நீ எந்நேரமும் இப்படியே இருந்தா எப்படி?’ என்கிறார் அவர். ஊசலின் ஒரு நுனியில் அவள், மறுநுனியில் அவர். அவர் ஆட்டோவைச் சாலையோரம் நிறுத்திவிட்டு அழுதுவிட்டு வருவது அவளுக்குத் தெரியாது. ஆண்பிள்ளை அழக் கூடாது என்று வளர்த்ததற்கு விலையாகச் சில வீடுகளில் குடி வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாதங்கள் கடந்தும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் திரும்பவில்லை என்றால், உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால், அதை வெறும் துக்கம் என்று விட்டுவிடக் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இறந்தவரை மனத்திலிருந்து விடுவித்தால்தான் துக்கம் தீரும் என்று மேற்கத்திய உளவியல் வெகுகாலம் நம்பியது. 1990-களில்தான், இல்லை, உறவு தொடர்கிறது, வடிவம்தான் மாறுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நம் தென் மாவட்டங்களில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் ‘கன்னி’ என்று வீட்டுச் சாமியாக வைப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை பாவாடை, சட்டை, வளையல், பொட்டு எல்லாம் புதிதாக வாங்கி ஓலைப்பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். இறந்தபோது எட்டு வயது என்றால் இன்றும் எட்டு வயதுப் பாவாடைதான். துணிக்கடையில் அந்த அளவைக் கேட்டு வாங்கும் நிமிஷம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. இதில் பயமும் கலந்திருக்கிறது, கவனிக்காவிட்டால் கன்னி கோபிப்பாள் என்று. நான் அதை அழகாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஆனாலும் செத்தவளுக்கு வீட்டில் ஒரு இடம் இருக்கிறது, அவள் பெயரைச் சொல்ல ஒரு நாள் இருக்கிறது.

செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ விளம்பரங்களையும் பாருங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளையின் படம், கீழே அவனையே பார்த்துப் பேசும் நாலு வரி. வாசகருக்கு எழுதியதல்ல அது. பணம் கட்டி அவனுக்கு எழுதிய கடிதம். சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். நான் இப்போதெல்லாம் நின்று படிக்கிறேன்.

இதற்கெல்லாம் வசதியோ வழக்கமோ இல்லாத வீடுகளில் செல்போன் இருக்கிறது. கீமோ நாளில் எடுத்த வீடியோ, மொட்டைத் தலையோடு ஆடிய டான்ஸ். போனை மாற்றும்போது அது அழிந்துவிடுமோ என்ற பயம். குடும்ப அட்டையில் பெயரை நீக்க வேண்டும் என்று தெரிந்தும் ஒரு வருடமாகத் தள்ளிப்போடுவது. பள்ளியிலிருந்து வாங்காமல் விட்ட மாற்றுச் சான்றிதழ்.

அப்புறம் அந்தக் கேள்வி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, கல்யாண வீட்டில் தூரத்துச் சித்தி, புது வீட்டு உரிமையாளர் எல்லோரும் கேட்பார்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான். ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?’ ஒன்று என்றால் இறந்தவனைத் தானே இன்னொருமுறை புதைத்த மாதிரி இருக்கும். இரண்டு என்றால், ‘பெரியவன் என்ன படிக்கிறான்?’ என்று அடுத்த கேள்வி வரும். இறந்துவிட்டான் என்றால் கேட்டவள் முகம் செத்துவிடும், கடைசியில் இவள்தான் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் பெரும்பாலோர் ஆளைப் பார்த்துப் பதிலை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு நிறுத்தத்தில் இறங்கிவிடுபவளுக்கு ஒன்று. தூரப் பயணமாக இருந்து, முகமும் பிடித்திருந்தால், ‘பெத்தது ரெண்டு’ என்று ஆரம்பிக்கிறார்கள்.